மாஸ்க் ஓரத்தில் ரம்பப் பல்: வாசகர் கேள்வி–பதில்

இம்முறை ரெண்டர் (3டி காட்சியைக் கணினி படமாக்குவது), கம்பாசிட்டிங் (அப்படி வந்த படங்களைச் சேர்த்துத் திருத்துவது) கேள்விகள் மட்டும். பாஸ் என்பது ரெண்டரோடு தனியாக எழுதப்படும் தகவல் படம்; மாஸ்க் என்பது எந்த இடம் மட்டும் மாற வேண்டும் என்று காட்டும் கறுப்பு-வெள்ளைப் படம். பல கேள்விகள் மாஸ்க் பாஸின் ஓரத்தைச் சுற்றியே வந்திருந்தன. ஒன்றின் விடை இன்னொன்றுக்கும் உதவும் என்பதால் சேர்த்தே தருகிறோம்.

கேள்வி: பிளெண்டர் மென்பொருளில், அதன் சைக்கிள்ஸ் ரெண்டரரைக் கொண்டு ஒரு காரை ரெண்டர் செய்கிறேன். கதவின் நிறத்தை மட்டும் கம்பாசிட்டரில் மாற்ற ஆப்ஜெக்ட் இண்டெக்ஸ் பாஸ் எடுத்தேன். படம் வழுவழுவென்று இருக்கிறது. மாஸ்க் மட்டும் படிக்கட்டு மாதிரி வருகிறது. சாம்பிளை (ஒரு பிக்சலை எத்தனை முறை கணக்கிடுவது என்பதை) 128-லிருந்து 4096 வரை ஏற்றிப் பார்த்துவிட்டேன். அசையவில்லை.

பதில்: சாம்பிளை லட்சமாக்கினாலும் அசையாது, கரண்ட் பில்தான் ஏறும். இண்டெக்ஸ் பாஸ் ஒவ்வொரு பிக்சலிலும் ஒரே ஓர் எண்ணைத்தான் எழுதி வைக்கிறது: இந்த பிக்சலில் இருப்பது எந்தப் பொருள் என்று. ஓர பிக்சலில் கதவு பாதி, பின்னால் உள்ள சுவர் பாதி இருக்கும். நிறமாக இருந்தால் இரண்டையும் சராசரி எடுக்கலாம். படத்தின் ஓரம் மென்மையாகத் தெரிவது அந்தச் சராசரியால்தான். எண்ணை அப்படிச் சராசரி எடுக்க முடியாது. கதவின் எண் 3, சுவரின் எண் 7 என்றால் சராசரி 5. ஐந்தாம் எண் பின்சீட்டுக்குக் கொடுத்ததாக இருக்கலாம்! அதனால் ரெண்டரர் சராசரியே எடுக்காமல் ஒரு பொருளின் எண்ணை மட்டும் எழுதிவிடுகிறது. உங்களுக்கு வேண்டியது "யார்" என்ற பதில் அல்ல, "எவ்வளவு" என்ற பதில். அந்த பிக்சலில் கதவின் பங்கு 0.5 என்று சொல்லும் மாஸ்க்தான் வேண்டும்.

கையில் இருக்கும் ரெண்டரை வைத்தே ஒப்பேற்ற வேண்டுமானால் கம்பாசிட்டரில் ஐடி மாஸ்க் நோடில் (இண்டெக்ஸ் எண்ணை மாஸ்க்காக்கும் கட்டம்) ஆன்டி-அலையாசிங் (பல்லை மழுக்கும்) பெட்டியை டிக் செய்யுங்கள். 2.93 பதிப்பிலிருந்து இதன் பின்னால் வேலை செய்வது எஸ்.எம்.ஏ.ஏ. என்ற முறை. படிக்கட்டின் வடிவத்தைப் பார்த்து, அசல் கோடு இப்படிப் போயிருக்கும் என்று ஊகித்து ஓரத்தைப் பூசுகிறது. கதவு, பானெட் போன்ற நீளமான ஓரங்களில் ஊகம் நன்றாகவே பலிக்கும். ஆன்டெனா, கிரில் வலை, வைப்பர் போல ஒரு பிக்சலைவிட மெலிந்தவற்றில் பலிக்காது. அங்கே பாஸிலேயே கோடு விட்டுவிட்டுத்தான் பதிவாகியிருக்கும். இல்லாததை எந்த நோடாலும் கொண்டுவர முடியாது.

முறையான தீர்வு கிரிப்டோமேட்: ஒவ்வொரு பிக்சலிலும் எந்தப் பொருளுக்கு எவ்வளவு பங்கு என்று பதிவுசெய்யும் பாஸ். வியூ லேயர் பக்கத்தில் பாஸஸ் பகுதிக்குப் போய் கிரிப்டோமேட்டின் கீழ் ஆப்ஜெக்ட் அல்லது மெட்டீரியலை டிக் செய்யுங்கள். லெவல்ஸ் (ஒரு பிக்சலில் எத்தனை பொருள் வரை பதிவாகும் என்பது) 6 என்றே இருக்கட்டும். கதவு தனிப் பொருளாக இல்லாமல் ஒரே மெஷ்ஷின் பகுதியாக, வேறு மெட்டீரியலோடு இருந்தால் மெட்டீரியல் வகைதான் உதவும். பலர் தடுக்கி விழும் இடம் இது. ரெண்டர் முடிந்ததும் கம்பாசிட்டரில் கிரிப்டோமேட் நோடைப் போட்டு, எந்த லேயர் என்று தேர்ந்து, அதன் பிக் வெளியீட்டை வியூவருக்குக் கொடுத்து, ப்ளஸ் குறியுள்ள பிக்கரால் கதவைத் தொடுங்கள். மேட் வெளியீட்டில் வருவதே உங்கள் மாஸ்க். 

ஒரே ஒரு பொருள்தான், கிரிப்டோமேட் கோப்பின் கனம் வேண்டாம் என்றால் ஏ.ஓ.வி. (நாமே வரையறுக்கும் பாஸ்) போதும். வியூ லேயரில் வேல்யூ வகையில் ஒரு ஏ.ஓ.வி. சேர்த்துப் பெயர் கொடுங்கள். கதவின் மெட்டீரியலில் ஏ.ஓ.வி. அவுட்புட் நோடைப் போட்டு அதே பெயரையும் மதிப்பு 1-ஐயும் கொடுங்கள். மற்ற மெட்டீரியல்கள் தாமாகவே 0. இது நிறத்தைப் போலவே சாம்பிள்களின் சராசரியாக வருவதால் பல் இருக்காது.

கேள்வி: கிரிப்டோமேட்தான் எடுத்தேன். ஆனாலும் ஓரம் முழுக்கப் புள்ளி புள்ளியாக, பூச்சி அரித்த மாதிரி வருகிறதே?

பதில்: பாஸ் பிறந்தபோது சரியாகத்தான் பிறந்திருக்கும். நடுவில் யாரோ அதை ஒரு படமாக நினைத்துக் கைவைத்திருக்கிறார்கள்.

கிரிப்டோமேட்டை சைஆப் நிறுவனத்தில் ஜோனா ஃப்ரீட்மேனும் ஆண்டி ஜோன்ஸும் உருவாக்கி, 2015 சிக்ராஃப் மாநாட்டில் அறிமுகப்படுத்தினார்கள். ஒவ்வொரு பொருளின் பெயரையும் மர்மர்ஹாஷ்3 கணக்கின்வழி 32 பிட் எண்ணாக மாற்றி, அதை ஃப்ளோட் (தசம எண்) மதிப்பாக எழுதுகிறது. ஒவ்வொரு பிக்சலுக்கும் "எண், பங்கு; எண், பங்கு" என்று ஜோடி ஜோடியாக, அதிகப் பங்குள்ளது முதலில் வரும்படி அடுக்குகிறது. நான்கு சேனல் கொண்ட ஒரு லேயரில் இரண்டு ஜோடி அடங்கும். லெவல்ஸ் 6 என்றால் மூன்று லேயர்கள் வருவது இதனால்தான். வியூவரில் கலர் கலராகத் தெரிந்தாலும் அவை நிறங்கள் அல்ல. ஃபோன் நம்பர் மாதிரி. ஓர் இலக்கம் பிசகினால் வேறு வீட்டில்தான் மணி அடிக்கும்.

எனவே இவற்றைச் சரிபாருங்கள். கோப்பு 32 பிட் ஃப்ளோட் இ.எக்ஸ்.ஆர். படக் கோப்பாக இருக்க வேண்டும். இடம் மிச்சம் பிடிக்க 16 பிட் ஹாஃப் என்று வைத்திருந்தால் எண்கள் சிதைந்துவிடும். பியூட்டியை (முழு நிறப் படத்தை) 16-லும் கிரிப்டோவை மட்டும் 32-லும் தனிக் கோப்பாக எழுதுவது நல்ல வழக்கம். சுருக்க முறையில் ஜிப், ஜிப்ஸ், பிஸ், ஆர்.எல்.இ. நான்கும் இழப்பில்லாதவை. டி.டபிள்யூ.ஏ.ஏ., டி.டபிள்யூ.ஏ.பி., பி44 இழப்புள்ளவை. பி.எக்ஸ்.ஆர்.24 பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது: 32 பிட் மதிப்பை 24-ஆக நறுக்கிவிடும். 

புள்ளி புள்ளியாக வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம், மேட் எடுப்பதற்கு முன்பே ரீசைஸ், ஸ்டெபிலைஸ், லென்ஸ் டிஸ்டார்ஷன், டீநாய்ஸ் ஏதாவது ஒன்றைக் கோப்பின் மேல் ஓட்டியிருப்பது. அவை பக்கத்துப் பிக்சல்களைக் கலக்கும். கலந்த எண் எந்தப் பொருளுக்கும் பொருந்தாது. வரிசையை மாற்றுங்கள். முதலில் அசல் அளவிலேயே மேட்டைப் பிரித்தெடுங்கள், பிறகு அந்தக் கறுப்பு-வெள்ளையை எப்படி வேண்டுமானாலும் சுருக்கலாம், வளைக்கலாம். 

இன்னொன்று: புள்ளிகள் மோஷன் பிளர் அல்லது ஃபோகஸ் போன இடங்களில் மட்டும் இருந்தால் அது சிதைவு அல்ல, வெறும் நாய்ஸ் (சாம்பிள் பற்றாததால் வரும் புள்ளிகள்). அங்கே சாம்பிளை ஏற்றினால் நிஜமாகவே குறையும்.

கேள்வி: எங்கள் ரெண்டரரில் கிரிப்டோமேட் கிடையாது. ஐடி பாஸை இரண்டு மடங்கு அளவில் எடுத்துச் சுருக்கினால் போதுமா?

பதில்: போதும், ஆனால் வரிசை தவறக்கூடாது. ஐடி நிறங்களைச் சுருக்காதீர்கள். பெரிய அளவிலேயே வேண்டிய ஐடியைப் பிரித்துத் தூய கறுப்பு-வெள்ளை ஆக்கிவிட்டுப் பிறகு சுருக்குங்கள். 200 சதவீதத்தில் எடுத்தால் நான்கு பிக்சல் ஒன்றாகும். ஆகவே கிடைப்பது 0, 0.25, 0.5, 0.75, 1 என்ற ஐந்து படிகள். படுக்கைவாட்டுக்கு ஒட்டிய சாய்வுக் கோடுகளில் அந்தப் படி கண்ணில் படும். 400 சதவீதத்தில் பதினாறு பிக்சல், பதினேழு படி. பெரும்பாலான வேலைக்கு அது தாராளம். இந்தப் பெரிய ரெண்டருக்கு ஒளி, நிழல், ஜி.ஐ. (பொருள்களில் பட்டுத் தெறிக்கும் ஒளி) எதுவும் வேண்டாம், ஒரே சாம்பிள் போதும் என்பதால் நேரம் அதிகம் தின்னாது.

சுருக்கும்போது ஒரு நுணுக்கம். பியூட்டி ரெண்டர் ஆகும்போது பக்கத்துச் சாம்பிள்களை எடைபோட்டுக் கலக்கும் ஒரு பிக்சல் ஃபில்டர் வேலை செய்கிறது. சைக்கிள்ஸில் இயல்பாக இருப்பது 1.5 பிக்சல் அகலமுள்ள பிளாக்மேன்-ஹாரிஸ். ஆர்னால்டு ரெண்டரரில் 2 பிக்சல் காஸியன். நீங்கள் பாக்ஸ் (நேரடிச் சராசரி) முறையில் சுருக்கினால் மாஸ்க் ஓரம் படத்தின் ஓரத்தைவிடக் கறாராக இருக்கும். பல் போய்விடும், ஆனால் பொருளைச் சுற்றி மயிரிழைக் கோடு மிஞ்சும். காஸியன் போன்ற ஃபில்டரால் சுருக்கிப் படத்தின் ஓரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். லாங்க்ஸோஸ், கேட்முல்-ராம் வேண்டாம். அவை ஓரத்தைக் கூர்மையாக்க மதிப்பைப் பூஜ்யத்துக்குக் கீழும் ஒன்றுக்கு மேலும் தள்ளும். படத்தில் அது அழகு, மாஸ்க்கில் கறுப்பு வளையம். ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தால் பின்னால் மதிப்பை 0-க்கும் 1-க்கும் நடுவில் நிறுத்தும் ஒரு கிளாம்ப் போடுங்கள்.

மோஷன் பிளரும் (அசைவு மங்கல்) டெப்த் ஆஃப் ஃபீல்டும் (ஃபோகஸுக்கு வெளியே வரும் மங்கல்) உள்ள ஷாட்டுக்கு இந்த வழி உதவாது.

கேள்வி: மாஸ்க் சுத்தமாக, மென்மையாக இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தும் பல் இல்லை. ஆனால் நிறத்தை மாற்றியதும் பொருளைச் சுற்றி வெளிச்சமாக ஒரு கோடு வருகிறது. மாஸ்க்கை எத்தனை முறை எடுத்தாலும் அதே கதை.

பதில்: மாஸ்க்கின் மேல் பழி போடாதீர்கள், கணக்கு அப்படி. ஓர பிக்சலில் பொருளின் நிறமும் பின்னணியின் நிறமும் ஏற்கெனவே கலந்துவிட்டன. நீங்கள் செய்யும் திருத்தம் இரண்டின் மேலும் விழுகிறது.

எண் வைத்துப் பாருங்கள். பொருளின் ஒளி மதிப்பு 0.1, பின்னணி வானம் 0.9, ஓர பிக்சலில் பொருளின் பங்கு பாதி. கலந்த பிக்சல் 0.5. பொருளை நான்கு மடங்கு பிரகாசமாக்கி 0.4-க்குக் கொண்டுவர வேண்டும். அப்போது ஓரத்தில் வரவேண்டியது 0.4-இல் பாதியும் 0.9-இல் பாதியும்: 0.65. மாஸ்க் போட்ட கிரேட் (நிறத் திருத்த) நோடோ கலந்த 0.5-ஐயே நான்கால் பெருக்கி 2.0 ஆக்குகிறது, அதில் பாதியையும் பழைய 0.5-இல் பாதியையும் சேர்த்து 1.25 தருகிறது. பொருள் 0.4, வானம் 0.9, இரண்டுக்கும் நடுவில் இரண்டையும்விட வெளிச்சமான கோடு. இதே திருத்தம் 1.2 மடங்காக இருந்தால் வரவேண்டியது 0.51, வருவது 0.55. யார் கண்ணுக்கும் தெரியாது. சின்னத் திருத்தத்துக்கு மாஸ்க் போதும், பெரிய திருத்தத்துக்குப் போதாது.

பெரிய திருத்தம் நிச்சயம் வரும் என்று தெரிந்தால் அந்தப் பொருளைத் தனி வியூ லேயரில், அதற்கு முன்னால் இருப்பவற்றை ஹோல்டவுட் (தான் தெரியாமல் பின்னால் உள்ளதை மட்டும் வெட்டும் பொருள்) ஆக்கி, சொந்த ஆல்ஃபாவோடு (ஒவ்வொரு பிக்சலையும் எவ்வளவு மூடுகிறது என்ற தகவலோடு) எடுங்கள். திருத்துவதற்கு முன் அன்பிரிமல்ட் (நிறத்தை ஆல்ஃபாவால் வகுப்பது), திருத்திய பின் பிரிமல்ட் (மறுபடி பெருக்குவது), அதன் பிறகு ஓவர் (பின்னணிமேல் வைப்பது).

ரெண்டர் முடிந்துபோய், அந்தப் பொருள் இல்லாத பின்னணி மட்டும் தனியாகக் கிடைத்தால் கலந்ததைப் பிரிக்கவும் முடியும். பின்னணியை (1 − மாஸ்க்)-ஆல் பெருக்கிப் படத்திலிருந்து கழியுங்கள். மிஞ்சியதை மாஸ்க்கால் வகுத்தால் பொருளின் தூய நிறம் கிடைக்கும். திருத்தி, மறுபடி பின்னணிமேல் வையுங்கள். மாஸ்க் 0.05-க்குக் கீழ் உள்ள பிக்சல்களில் சிறு நாய்ஸையும் வகுத்தல் ஊதிப் பெரிதாக்கிவிடும். அங்கே உள்ளே இருக்கும் நிறத்தை ஓரம்வரை இழுத்து நிரப்புவது மேல். 

இரண்டுமே முடியாது, நாளைக் காலை டெலிவரி என்றால் மாஸ்க்கை அரை பிக்சல் உள்ளே சுருக்குங்கள். ஓரத்தில் பழைய நிறம் இழையாக மிஞ்சும். வெள்ளைக் கோட்டைவிட அது பரவாயில்லை.

கேள்வி: கதவுக்கு ஒரு மாஸ்க், அதை ஒட்டிய ஃபெண்டருக்கு ஒரு மாஸ்க். இரண்டையும் ஓவர் போட்டுச் சேர்த்தால் சேரும் இடத்தில் மெல்லிய கோடு.

பதில்: ஓவர் போடாதீர்கள், கூட்டுங்கள். சேரும் பிக்சலில் கதவு 0.5, ஃபெண்டர் 0.5, கூட்டினால் 1. ஓவர், ஒன்று மற்றதை மறைக்கிறது என்று எண்ணிக்கொண்டு 0.5-உடன் மீதியில் பாதியைச் சேர்த்து 0.75 தரும். குறைகிற கால்பங்கு வழியாகப் பின்னணி எட்டிப் பார்க்கிறது. ஸ்க்ரீன் போட்டாலும் இதே 0.75. நியூக் கம்பாசிட்டிங் மென்பொருளில் மெர்ஜ் நோடை ப்ளஸ் ஆக்குங்கள், ஃபோட்டோஷாப்பில் லீனியர் டாட்ஜ். கிரிப்டோமேட் என்றால் ஒரே நோடில் இரண்டு பொருளையும் தொட்டுவிடுங்கள், கூட்டல் தானாக நடக்கும்.

கேள்வி: கட்டட உள்ளமைப்புப் படங்கள் செய்கிறோம். 3டிஎஸ் மேக்ஸ் மென்பொருள், வி-ரே ரெண்டரர். ஒவ்வொரு பொருளையும் ஒரு தட்டை நிறத்தில் காட்டும் ஒயர் கலர் பாஸை ஃபோட்டோஷாப்பில் மேஜிக் வாண்டால் தேர்ந்துதான் சுவர், தரை, திரைச்சீலை எல்லாம் திருத்துவது. ஓரத்தில் எப்போதும் பல். பெரிய பிரிண்ட் போட்டால் மானம் போகிறது.

பதில்: ஒயர் கலர், மெட்டீரியல் ஐடி கலர் பாஸ்களைத் தேர்வுக்கு வைத்திருப்பது பழைய பழக்கம். மேஜிக் வாண்ட் ஒரு பிக்சலை எடுக்கும் அல்லது விடும். கலவை நிறமுள்ள ஓர பிக்சல்கள் சுவரிலும் சேராமல் தரையிலும் சேராமல் அநாதையாக நிற்கும். டாலரன்ஸை ஏற்றினால் பக்கத்துப் பொருளில் ஒத்த நிறம் இருந்து அதையும் அள்ளிக்கொண்டு வரும்.

மல்ட்டி மேட் எலிமென்டுக்கு (வி-ரேயில் பாஸின் பெயர் எலிமென்ட்) மாறுங்கள். ஒவ்வொரு மல்ட்டி மேட்டும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று மாஸ்க் தாங்கும். பொருள்களுக்கு ஆப்ஜெக்ட் ஐடியோ மெட்டீரியல் ஐடியோ 1-லிருந்து கொடுங்கள். 0 என்பது எதுவும் கொடுக்காத எல்லாவற்றுக்கும் உள்ள எண். மெட்டீரியல் ஐடியை நம்பினால் எலிமென்டில் அதற்கான டிக்கை மறக்கக்கூடாது. ஃபோட்டோஷாப்பில் சேனல்ஸ் பலகையில் அந்தந்தச் சேனலை கன்ட்ரோல் அழுத்தித் தொட்டால் மென்மையான ஓரத்தோடு தேர்வு வந்துவிடும்.

ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் மரம், சோஃபா மாஸ்க்கில் வரவில்லை என்பது இதன் கூடவே வரும் புகார். கண்ணாடி மெட்டீரியலின் ரிஃப்ராக்ஷன் பகுதியில் அஃபெக்ட் சேனல்ஸ் என்பதை ஆல் சேனல்ஸ் ஆக்குங்கள்.

மாஸ்க்கை ஜேபெக்காகச் சேமிக்க வேண்டாம். ஜேபெக் பெரும்பாலும் நிறத் தகவலை நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைத்துத்தான் வைக்கிறது. சிவப்பு, பச்சை மாஸ்க்குகள் ஒட்டும் இடம் குழம்பிவிடும். பி.என்.ஜி. அல்லது டிஃப் நல்லது. 8 பிட்டே போதும், 256 படி இருக்கிறது.

முடிந்துபோன பழைய வேலைக்கு முதலுதவி: மாஸ்க்குக்கு 1 முதல் 1.5 பிக்சல் காஸியன் பிளர், அதன்மேல் லெவல்ஸில் இன்புட் கறுப்பு 90, வெள்ளை 165. படிக்கட்டு கரைந்து ஓரம் மறுபடி இறுகும். மூலைகள் சற்று உருண்டுபோகும், மெல்லிய கம்பிகள் காணாமல் போகும். சுவருக்குச் சரி, ஜன்னல் கம்பிக்கு ஆகாது.

கேள்வி: அதே மாஸ்க் ஒரு மென்பொருளில் சரியாக இருக்கிறது, இன்னொன்றில் ஓரம் தடித்துப் பல் தெரிகிறது. ஏன்?

பதில்: காமா, அதாவது திரைக்காகப் பிரகாச மதிப்பை வளைக்கும் கணக்கு. மாஸ்க்கில் 0.5 என்றால் பாதிப் பங்கு, அவ்வளவுதான். அதை லீனியர் (வளைக்காத) நிறம் என்று எண்ணி எஸ்.ஆர்.ஜி.பி. (திரைக்காக வளைத்தது) ஆக்கினால் 0.735 ஆகும், ஓரம் தடிக்கும். எஸ்.ஆர்.ஜி.பி. என்று எண்ணி லீனியர் ஆக்கினால் 0.214, ஓரம் மெலியும். பிளெண்டரில் மாஸ்க் படத்தின் கலர் ஸ்பேஸை நான்-கலர் ஆக்குங்கள், நியூக்கில் ரீட் நோடில் ரா டேட்டா, ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் பிரிசர்வ் ஆர்.ஜி.பி. 

வெள்ளையே சாம்பலாக வருகிறது என்றால் பிளெண்டரின் வியூ டிரான்ஸ்ஃபார்ம் (திரைக்கு ஏற்ப நிறத்தை மாற்றும் அமைப்பு) மாஸ்க்கின்மேல் ஏறியிருக்கிறது. 2.80 முதல் ஃபில்மிக், 4.0 முதல் ஏஜிஎக்ஸ் இயல்பாக இருக்கின்றன, இரண்டிலும் 1.0 முழு வெள்ளையாக வராது. பி.என்.ஜி. எழுதும்போது மாஸ்க்குக்கு மட்டும் ரா தேர்ந்தெடுங்கள்; அல்லது இ.எக்ஸ்.ஆராகவே எழுதிவிடுங்கள்.

கேள்வி: மாஸ்க் சரி, பியூட்டியே ட்யூப்லைட் ஓரத்தில் பல்லாக வந்தால்?

பதில்: விளக்கின் மதிப்பு 50 என்றால் பத்தில் ஒரு பங்கு மட்டும் உள்ள ஓர பிக்சலும் 5.0. திரையில் 1-க்கு மேல் எல்லாம் ஒரே வெள்ளைதான். சராசரி சரியாகவே நடந்திருக்கிறது, பார்ப்பதற்கு மட்டும் படிக்கட்டு. சைக்கிள்ஸில் நேரடி ஒளிக்கு உச்சவரம்பு வைக்கும் கிளாம்ப் டைரக்டை 4 என்று வைத்தால் அதே பிக்சல் 0.4 ஆகி மென்மையாகும். ஆனால் அந்த விளக்கின் கிளேர் (ஒளிவட்டம்) சக்தியும் குறையும், கண்ணாடியில் அதன் பிரதிபலிப்பும் மங்கும். வி-ரேயில் சப்-பிக்சல் மேப்பிங்கும் கிளாம்பும் சேர்ந்து இதே வேலையைச் செய்யும். எனக்குப் பிடித்த வழி, இரண்டு மடங்கில் ரெண்டர் எடுத்து, டோன் மேப் (பிரகாசத்தைத் திரையின் எல்லைக்குள் அடக்குவது) செய்த பிறகு பாதியாகச் சுருக்குவது. நேரம் இருந்தால் மட்டும்.

கேள்வி: ஃபோகஸ் போடுவதற்காக எடுத்த இசட் பாஸும் (கேமராவிலிருந்து தூரத்தைப் பதிவுசெய்வது) பல்லாகத்தான் இருக்கிறது. அதையும் மென்மையாக்கலாமா?

பதில்: கூடாது. இந்த ஒரு பாஸுக்குப் பல் இருப்பதுதான் சரி. 2 மீட்டரில் ஆள், 100 மீட்டரில் கோபுரம் என்றால் ஓரத்தில் சராசரி 51 மீட்டர். அங்கே எதுவுமே இல்லை. ஆளைச் சுற்றி அந்த இல்லாத தூரத்தின் ஃபோகஸில் ஒரு வளையம் விழும். டீஃபோகஸ் வேலையை இரண்டு மடங்கு அளவில் செய்துவிட்டுக் கடைசியில் சுருக்குங்கள். அல்லது கேமராவிலேயே டெப்த் ஆஃப் ஃபீல்டை வைத்து ரெண்டர் எடுங்கள். பனி, தூசுப் படலம் போன்றவற்றுக்கு இசட் வேண்டாம், மிஸ்ட் பாஸ் எடுங்கள். அது மென்மையாகவே வரும், அந்த வேலைக்கு அதுவே பொருத்தம்.

கேள்வி: டெலிவரிக்கு முன் மாஸ்க் சரியா என்று சட்டென்று சோதிக்க ஏதாவது வழி?

பதில்: மாஸ்க் போட்ட இடத்தைக் கண் கூசும் பச்சையாக்கி 400 சதவீதம் பெரிதாக்கி ஓரத்தைப் பாருங்கள். இருண்ட பின்னணி வரும் ஃப்ரேமிலும் வெளிச்சமான பின்னணி வரும் ஃப்ரேமிலும் பார்க்க வேண்டும். ஒன்றில் மறைவது மற்றதில் தெரியும்.

கிரிப்டோமேட் முழுவதையும் சோதிக்க, காட்சியில் உள்ள எல்லாப் பொருளையும் தேர்ந்து வரும் மேட்டைப் படத்தின் ஆல்ஃபாவிலிருந்து கழித்து, வித்தியாசத்தை நூறால் பெருக்குங்கள். முழுக் கறுப்பு என்றால் எல்லாப் பங்கும் கணக்கில் வந்திருக்கிறது. தலைமுடி, புல், இலைக் கொத்து உள்ள இடங்களில் சாம்பல் தெரிந்தால், ஒரே பிக்சலில் ஆறுக்கு மேற்பட்ட பொருள்கள் நெருக்கியடித்து நின்று கடைசியில் வந்தவற்றுக்கு இடமில்லாமல் போயிருக்கிறது. லெவல்ஸை 8 அல்லது 10 ஆக்கி அந்த ஃப்ரேம்களை மட்டும் மறுபடி ரெண்டருக்கு அனுப்புங்கள்.